கொசுவின் உடலில் பத்து நாள்



ஆனித் திங்களில் தொடங்கும் மழை புரட்டாசி வரை மும்பையை விடுவதில்லை. மழையோடு காய்ச்சலும் வருவது இந்நகரில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் யாவும் அறிந்த செய்தி. ஆண்டுதோறும் இக்காலத்தில் நம் தாய்மார்கள் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "எதிர்வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்து குணமும் ஆகிவிட்டது. இரண்டு வாரம் நாங்கள் நலமாகவே இருந்தோம். இப்பொழுது திடீரென்று எங்கள் வீட்டில் இருவர் படுத்துவிட்டார்களே, இஃது எவ்வாறு?" என்று கேட்கிறார்கள். இத்திங்கள் நலவாழ்வுப் பகுதியில் இவ்வினாவிற்கு விடை காண்போம். அவ்விடை ஒரு சிறு கொசுவின் வயிற்றுக்குள் இருக்கிறது.

நோயாளியின் குருதியை உறிஞ்சி, மூக்கில் ஒட்டிய குருதியோடு அடுத்தவரைக் கடித்து நோயை ஏற்றிவிடுகிறது கொசு என்று பலரும் எண்ணுகின்றனர். ஒருவருக்குக் குத்திய ஊசியைக் கழுவாமல் மற்றொருவருக்குக் குத்துவது போன்றது இது என்பது அவர்கள் கருத்து. கொசு வெறும் ஊசியாக இருக்குமாயின் நோய் அன்றே பரவிவிட வேண்டும். இரண்டு வார இடைவெளிக்கு இடமே இராது. உண்மை வேறு. நோயாளியைக் கடித்த கொசு அன்று தீங்கற்றது, மறுநாளும் தீங்கற்றது. ஏறத்தாழப் பத்து நாள் சென்ற பின்னரே அது நோய் தரும் கொசுவாகிறது. அந்தப் பத்து நாளில் அதன் உடலுக்குள் நிகழ்வது என்ன?

காத்திருந்தவர் கண்ட உண்மை

இவ்வுண்மையை முதலில் உணர்த்தியது மஞ்சள் காய்ச்சல் என்னும் கொடிய நோய். அந்நோய் நம் நாட்டில் பரவியதில்லை. ஆயினும் அதனைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி என்னும் கொசுவே நம் வீடுகளில் டெங்குவைப் பரப்புவதும் ஆகும். காலில் வெள்ளை வளையங்கள் பூண்டு, பகலில் கடிக்கும் கொசு அது.

கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே என்பவர் 1881-ஆம் ஆண்டிலேயே இக்கொசுவே மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் என்று கூறினார். ஆனால் சோதனை செய்து காட்டியபோது அவர் கூற்று பிறர் ஏற்கும் வண்ணம் மெய்ப்படவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களுக்குள்ளேயே மற்றவரைக் கடிக்க விட்டதே அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பின்னர் 1898-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர்களில் ஹென்றி கார்ட்டர் என்னும் மருத்துவர் ஒரு விந்தையைக் கண்டார். ஒரு வீட்டில் முதல் நோயாளி படுத்த சில நாட்களில் அவரைப் பார்த்துச் சென்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டு வாரம் போல் கழித்து அதே வீட்டிற்குள் நுழைந்தவர்கள், அங்கே நோயாளியே இல்லாத நிலையிலும், நோயுற்றனர். நோய் மனிதனுக்கு வெளியே எங்கோ முதிர்ச்சி பெறுகிறது என்று கார்ட்டர் கணித்தார். 1900-இல் ஹவானாவில் வால்டர் ரீட் குழுவினர் கொசுக்களைப் பன்னிரண்டு நாள் வரை காக்க வைத்துச் சோதித்தபோது புதிர் விடுபட்டது. தாராவித் தாய்மார்களின் வினாவும் மிசிசிப்பி மருத்துவரின் வினாவும் ஒன்றே என்பது இப்பொழுது விளங்கும்.

நம் நாட்டிலும் இத்துறையில் பெருஞ்சிறப்பு உண்டு. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, அக்கிருமி உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைவதையும் காட்டினார். வயிற்றில் நுழைந்து எச்சில் வழியே வெளியேறுவது என்னும் பாதை டெங்குவிற்கும் அதுவே. ஆனால் மலேரியாக் கிருமி தானே நகரவல்ல உயிர். டெங்கு வைரஸ் அவ்வாறு நகராது. ராஸ் பார்த்த கண்ணாடியில் அது தென்பட்டிருக்கவும் இயலாது. இருபதாயிரம் டெங்கு வைரஸ்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். காலும் சிறகும் இல்லாத இப்பொருள் கொசுவின் வயிற்றிலிருந்து வாய் வரை எங்ஙனம் செல்கிறது?

நான்கு வாயில்கள்

கோட்டைக்குள் புகும் பகைவன் வாயில்களை ஒவ்வொன்றாகக் கடப்பது போல, வைரஸும் நான்கு தடைகளைக் கடக்க வேண்டும்.

முதல் வாயில் நடுக்குடல். பெண் கொசு தன் உடல் எடைக்கு ஏறத்தாழ ஈடான குருதியை ஒரே வேளையில் குடித்துவிடும். அக்குருதி நடுக்குடலில் தங்குகிறது. குடலின் சுவர் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆனது. வைரஸ் அவ்வுயிரணுக்களில் ஒன்றைப் பற்றி உள்ளே நுழைய வேண்டும். அதற்குக் கிடைக்கும் காலமோ மிகக் குறுகியது. குருதியைச் செரிக்கும் நீர்கள் ஒருபுறம் சுரக்கத் தொடங்குகின்றன. மறுபுறம், குடித்த குருதியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை ஒரு நாளைக்குள் உருவாகிவிடுகிறது. அதற்கு முன் சுவரை அடையாத வைரஸ் உணவோடு உணவாக அழிந்துபோகும். ஆகவே கோடிக்கணக்கில் குருதியில் வந்தாலும், தொடக்கத்தில் இடம் பிடிப்பது சில உயிரணுக்களில் மட்டுமே.

நுழைந்த இடத்தில் வைரஸ் தன் வேலையைத் தொடங்குகிறது. உயிரணுவின் கருவிகளையே கைக்கொண்டு தன்னைப் போன்ற பல்லாயிரம் படிகளை ஆக்குகிறது. அவை பக்கத்து உயிரணுக்களுக்குப் பரவுகின்றன. வெள்ளை வேட்டியில் தெறித்த மஞ்சள் நீர் புள்ளி புள்ளியாய்த் தொடங்கித் திட்டுத் திட்டாய்ப் பரவுவது போல, குடற்சுவரில் நோய்த் திட்டுகள் விரிகின்றன. ஏழு முதல் பத்து நாளில் இது உச்சத்தை எட்டும்.

கொசு இதைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கிறதா? இல்லை. வைரஸின் மரபுச் செய்தி தாங்கிய இழையைக் கண்டறிந்து துண்டு துண்டாக வெட்டும் காவல் முறை ஒன்று கொசுவின் உயிரணுக்களில் உண்டு. பல கொசுக்களில் வைரஸ் இம்முதல் வாயிலிலேயே மடிந்துபோகிறது. நோயாளியைக் கடித்த கொசு யாவும் நோய் பரப்புவதில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். காவலைத் தப்பிய வைரஸோ கொசுவைக் கொல்வதில்லை. நம்மைக் கட்டிலில் கிடத்தும் அதே வைரஸைச் சுமந்துகொண்டு கொசு இயல்பாகப் பறந்து திரிகிறது.

இரண்டாம் வாயில் குடலுக்கு வெளியே உள்ள அடித்தளச் சவ்வு. குடலைப் பின்னிய வலை போல மூடியிருக்கும் இச்சவ்வின் துளைகள் வைரஸைக் காட்டிலும் சிறியவை. பூட்டிய கதவின் சாவித்துளை வழியே யானை வந்தது எப்படி என்பது போல, இது நெடுங்காலம் அறிஞரை மயக்கியது. குருதியால் வயிறு புடைக்கும்போது சவ்வு இழுபட்டு அதில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன என்று பின்னர் கண்டனர். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வியப்பிற்குரியது. நோய்க்குருதி குடித்த கொசுவிற்குச் சில நாள் கழித்து நோயற்ற குருதியை மீண்டும் ஒருமுறை ஊட்டினர். இரண்டாம் முறை வயிறு புடைத்தபோது, குடலில் முன்பே பெருகியிருந்த வைரஸ் இன்னும் விரைவாக வெளியேறியது. ஏடிஸ் கொசுவோ ஒருமுறை குடித்து ஓய்வதன்று; சில நாளுக்கு ஒருமுறை கடிப்பது. ஆகவே நலமுள்ள ஒருவரின் குருதியும் வைரஸிற்குக் கதவு திறந்துவிடுகிறது!

மூன்றாவது, உடற்குழி. கொசுவிற்கு நம்மைப் போல் குருதிக் குழாய்கள் உடலெங்கும் இல்லை. உடலின் உட்குழியில் நிறமற்ற நீர் ஒன்று நிறைந்து எல்லா உறுப்புகளையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. வைரஸ் இந்நீரில் கலந்துவிட்டால் உடல் முழுவதும் அதற்குத் திறந்த வெளியே. முதலில் கொழுப்புத் திசுவிலும், பின் நரம்பு, தலை, கால்கள் எனப் பல இடங்களிலும் அது காணப்படும். வைரஸ் குடலைத் தாண்டிவிட்டதா என்று அறிய ஆய்வுக்கூடத்தார் கொசுவின் கால்களைப் பிய்த்துச் சோதிப்பது வழக்கம். குடலில் இருந்தும் காலில் இல்லையேல் வைரஸ் இன்னும் சிறைப்பட்டிருக்கிறது. காலிலும் இருந்தால் சிறை உடைந்தது.

நான்காவதும் இறுதியானதும் உமிழ்நீர்ச் சுரப்பி. கொசுவின் மார்புப் பகுதியில் இவ்வகைச் சுரப்பிகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் மூன்று கிளைகளை உடையது. அவற்றின் உயிரணுக்களுள் புகுந்து பெருகி, பின் எச்சிலோடு கலந்தால்தான் வைரஸின் பயணம் முற்றுப்பெறும். கொசு கடிக்கும்போது நம் குருதி உறைந்துவிடாதிருக்கத் தன் எச்சிலை முதலில் தோலுக்குள் விடுகிறது. அதனோடு வைரஸும் வருகிறது. இந்நிலையை எட்டிய கொசு இறக்கும் வரை நோய் தரும் கொசுவே. அன்றியும் ஏடிஸ் கொசு அச்சம் மிகுந்தது. கையசைந்தால் எழுந்து பறந்து, அதே பசிக்கு அடுத்தவரைக் கடிக்கும். ஒரே அறையில் தாயும் பிள்ளைகளும் ஒரே நாளில் படுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஒரே ஒரு மாற்றம் விளைத்த தீங்கு

இவ்வாயில்களில் ஒன்று சற்றே எளிதாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிக்குன்குனியா ஒரு சான்று. இக்காய்ச்சல் நம் நாட்டில் 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னையிலும், 1973-இல் நம் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்துப் பார்சி நகரிலும் பரவியது. பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டாதிருந்து, 2005-06-இல் மீண்டும் நாட்டைத் தாக்கியது. அதே வேளையில் இந்துமாக் கடலின் ரீயூனியன் தீவில், நம் தமிழ் முன்னோர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று வாழ்ந்த அத்தீவில், மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர்.

அங்கு எஜிப்தி கொசு அரிது. தோட்டங்களில் வாழும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்னும் கொசுவே மிகுதி. ஆராய்ந்தபோது வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்தில் இருந்த ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரே மாற்றத்தால் வைரஸ் ஆல்போபிக்டஸின் நடுக்குடலை முன்னிலும் எளிதாகப் பற்றிக்கொண்டது. 2007-இல் கேரளத்தில் பரவிய வைரஸிலும் அதே மாற்றம் காணப்பட்டது. சிக்குன்குனியா டெங்குவைப் போல் பத்து நாள் காத்திருப்பதும் இல்லை; சில நாட்களிலேயே எச்சிலை எட்டிவிட வல்லது. ஒரு தீவு மக்களின் மூட்டுவலிக்கு வித்து ஒரு பூச்சியின் குடற்சுவரில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

காலமே நம் துணை

இனி நமக்குப் பயன்படும் கணக்கிற்கு வருவோம். காற்றின் வெப்பம் 25 முதல் 28 பாகை வரை இருக்கும்போது டெங்கு வைரஸ் கொசுவின் வயிற்றிலிருந்து எச்சிலை அடைய 8 முதல் 12 நாள் ஆகும். வெப்பம் மிகுந்தால் நாள் குறையும், குளிர்ந்தால் நீளும். மும்பையின் மழைக்கால வெப்பம் வைரஸிற்கு ஏற்றதாகவே அமைந்துவிட்டது.

ஆனால் கொசுவின் வாழ்நாளோ சிறிது. நாள்தோறும் நூற்றுக்குப் பத்துக் கொசுக்கள் மடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நோய்க்குருதி குடித்த நூறு கொசுக்களில் பத்து நாள் கழித்து எஞ்சுபவை 35. நாள்தோறும் நூற்றுக்கு இருபது மடியுமாறு செய்துவிட்டால் எஞ்சுபவை 11 மட்டுமே. இஃது ஒரு மாதிரிக் கணக்கு. எனினும் உண்மை இதில் தெளிவாகிறது. நோய் பரப்புவது இளங்கொசுவன்று, பத்து நாளைக் கடந்த முதிய கொசு. கொசுவினத்தையே ஒழிப்பது நம்மால் இயலாது. கொசுக்களை முதுமை எய்தவிடாமல் தடுப்பது நம்மால் இயலும்.

எதிர்வீட்டுக் கணக்கும் இப்பொழுது விளங்கும். கொசுவின் உடலில் 8 முதல் 12 நாள். கடித்தபின் மனித உடலில் காய்ச்சல் தோன்ற 4 முதல் 10 நாள். இரண்டையும் கூட்டினால் இரண்டு, மூன்று வாரம். எதிர்வீட்டில் காய்ச்சல் கண்ட அன்றே நமக்கு எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டுவிட்டது. நாமோ, நமக்கு ஒன்றுமில்லை என்று அந்நாட்களைக் கழித்துவிடுகிறோம்.

செய்யத் தக்கவை

முதலாவது, நோயாளியைக் கொசுவிடமிருந்து காக்க வேண்டும். நோய் வந்தவருக்கு இனிக் கொசுவலை எதற்கு என்று கேட்பவர் உண்டு. அவருக்குத்தான் முதன்மையாகத் தேவை. காய்ச்சல் தொடங்குவதற்குச் சற்று முன்னிருந்து, ஏறத்தாழ ஐந்தாறு நாள் வரை அவர் குருதியில் வைரஸ் மிகுந்திருக்கும். அந்நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுவே நாளைய பகை. ஏடிஸ் பகலில் கடிப்பதால் பகலிலும் அவரை வலைக்குள் படுக்க வைக்க வேண்டும். பத்தடி அறையில் தரையில் படுப்பவருக்கும் நான்கு ஆணிகளில் வலை கட்டிவிடலாம்.

இரண்டாவது, தண்ணீர். முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிக் கொசுவாய்ப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்த்து உலர்த்தினால் எந்தப் புழுவும் கொசுவாகாது. தாராவியில் குழாய்த் தண்ணீர் நாளெல்லாம் வருவதில்லை. பீப்பாயில் பிடித்து வைக்காமல் குடும்பம் நடவாது. தண்ணீர் சேமிப்பது குற்றமன்று. பீப்பாயைத் துணியால் இறுகக் கட்டி மூடாததே குறை. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கும். அவை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டால் உயிர்பெறும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கூரைமேல் விரித்த தார்ப்பாயின் குழிகளில் தேங்கும் மழைநீரையும் வாரந்தோறும் வடித்துவிட வேண்டும்.

மாட்டுங்காவின் பழைய மாடிக் கட்டடங்களில் மொட்டைமாடித் தொட்டிகளின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று குடியிருப்போர் சங்கத்தார் பார்க்க வேண்டும். செம்பூரில் தோட்டமும் பூந்தொட்டியும் மிகுதி. தொட்டிகளின் அடித்தட்டிலும் வீட்டிற்குள் வளர்க்கும் கொடிகளின் புட்டியிலும் நிற்கும் நீரை மறத்தல் ஆகாது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேங்கிய நீரைக் கண்டால் மாநகராட்சியின் பூச்சி ஒழிப்புப் பிரிவிற்குத் தெரிவியுங்கள்.

மூன்றாவது, புகை மருந்து. அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவைத் தொடாது. ஆயினும் ஒரு வீட்டில் டெங்கு கண்டவுடன் அவ்வீட்டையும் அண்டை வீடுகளையும் சுற்றி உடனே அடித்தால், நோய்க்குருதி குடித்துப் பத்து நாள் நிறைவுறாத கொசுக்களைக் கொன்றுவிடும் வாய்ப்புண்டு. மூன்று வாரம் கழித்து அடிப்பதால் அப்பயன் கிட்டாது. ஆகவே காய்ச்சலை மறைக்காமல் சொல்லிவிடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியாகும்.

காய்ச்சல் கண்டவர் ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக விழுங்குதல் கூடாது. குருதிக்கசிவை அவை மிகுவிக்கும். காய்ச்சல் தணியும் நாளில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

அறிஞர் தேடும் வழி

கொசுவின் உடலுக்குள்ளேயே வைரஸை மடக்கிவிடும் முயற்சியும் நடைபெறுகிறது. பூச்சிகள் பலவற்றின் உயிரணுக்களில் இயல்பாக வாழும் வோல்பேக்கியா என்னும் பாக்டீரியாவை ஏடிஸ் எஜிப்தியின் உடலில் குடியேற்றினால், வைரஸ் அங்கே பெருக இயலாமல் தடைப்படுகிறது. தாய்க்கொசுவிலிருந்து சேய்க்கும் அப்பாக்டீரியா செல்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இவ்வகைக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு நூற்றுக்கு 77 பங்கு குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் புதுச்சேரியில் உள்ள நோய்ப்பூச்சி ஆய்வு மையமும் இத்தகைய கொசு வகைகளை உருவாக்கியுள்ளதாக 2022-இல் அறிவித்தது.

அம்முயற்சிகள் வெல்லட்டும். அதுவரை கோட்டைக் காவல் நம் கையில் உள்ளது. எதிர்வீட்டில் காய்ச்சல் என்று கேட்டதும் அந்நோயாளிக்கு ஒரு கொசுவலை கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றே நாட்காட்டியில் குறியிட்டு, நம் வீட்டுப் பீப்பாயையும் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். கொசுவின் வயிற்றில் வைரஸ் வழி தேடும் அந்தப் பத்து நாளில் நாமும் நம் வேலையை முடித்துவிட வேண்டும்.